போடி ரயிலுக்கு அடுத்து எதைக் கேட்பது?

தேனி மாவட்டத்துக்குப் பதினோரு வருடத்துக்கு மேல் ரயிலே கிடையாது. 2010 டிசம்பர் கடைசியோடு மதுரை–போடி மீட்டர் கேஜ் வண்டி நின்றது. பாதையை அகலமாக்கி, மதுரையிலிருந்து தேனி வரைக்கும் பயணிகள் ரயில் திரும்பி வந்தது 2022 மே 26இல். தேனியிலிருந்து மிச்சம் இருந்த 15 கிலோமீட்டரைக் கடந்து போடிநாயக்கனூருக்கு வந்து சேர 2023 ஜூன் 15 ஆகிவிட்டது. நடுவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து பத்தாம் வகுப்பையே முடித்துவிட்டார்கள். ரயில் பார்க்க வேண்டுமானால் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ கொடைக்கானல் ரோட்டுக்கோ போக வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த உலகம்.

இந்தப் பாதைக்கு இது முதல் இழப்பும் இல்லை. 1928இல் போட்ட தண்டவாளத்தை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கழற்றி எடுத்துப் போனார்கள். 1950களில்தான் மறுபடி போட்டார்கள். ஆக, இரண்டு தடவை ரயிலை இழந்து இரண்டு தடவை திரும்பப் பெற்ற ஊர் போடி. அதனால்தான் இங்கே ரயில் கோரிக்கை என்று யார் கையெழுத்து வாங்க வந்தாலும் மக்கள் தயங்காமல் போடுகிறார்கள். சிக்கல் அங்கேயேதான். எல்லாக் கோரிக்கையிலும் கையெழுத்துப் போடுகிறோம். சென்னைக்குத் தினசரி வண்டி, காலையில் மதுரைக்கு வண்டி, மெமு ரயில் (தனி இன்ஜின் இல்லாமல் பெட்டிகளிலேயே மோட்டார் உள்ள மின்சார ரயில்), திண்டுக்கல்–குமுளி புதுப் பாதை என்று எல்லாம் ஒரே மனுவில் போகின்றன. வாங்கிக்கொள்ளும் அதிகாரி எதை முதலில் எடுப்பார்? எது நமக்கு அவசரம் என்று நாமே வரிசைப்படுத்திக் கேட்டால்தான் ஏதாவது ஒன்று நடக்கும் என்று நான் நம்புகிறேன். அந்த வரிசையை யோசிக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் 2023 ஜூனில் நமக்குக் கிடைத்தது என்ன என்று பார்த்துவிடலாம். இரண்டு வண்டிகள். ஒன்று, சென்னை சென்ட்ரலில் இருந்து மதுரை வரை வந்துகொண்டிருந்த, வாரம் மூன்று நாள் ஓடும் விரைவு ரயிலின் நீட்டிப்பு. திங்கள், புதன், வெள்ளி இரவு சென்னையில் கிளம்பி மறுநாள் காலை போடி வரும். செவ்வாய், வியாழன், ஞாயிறு இரவு போடியில் கிளம்பும். இன்னொன்று, மதுரை–தேனி முன்பதிவில்லாத ரயிலின் நீட்டிப்பு. காலை 8.20க்கு மதுரையை விட்டு, பத்தரைக்குப் போடி வந்துவிடும். மாலை 5.50க்குப் போடியில் கிளம்பி இரவு எட்டு மணிவாக்கில் மதுரை போகும். நிமிடங்கள் பிறகு முன்பின் மாறலாம். நான் பேசப்போவது அந்த அமைப்பைப் பற்றி: காலையில் மதுரையிலிருந்து இங்கே, மாலையில் இங்கிருந்து மதுரைக்கு.

தேனிக்காரர்களின் ஒரு நாள் இதற்கு நேர் எதிர்த் திசையில் ஓடுகிறது.

ஆண்டிபட்டியில் இருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகிற ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் பக்கத்திலேயே இருக்கிறது, உண்மைதான். ஆனால் சில சிறப்புச் சிகிச்சைக்கு மதுரைக்குத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். வெளிநோயாளி வரிசையில் காலையிலேயே நிற்க வேண்டும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வாய்தாவுக்குப் போகிறவருக்கும் காலைதான். மதுரையில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கும், ஜவுளிக்கடை வேலைக்குப் போகிற பெண்ணுக்கும், வடபழஞ்சி தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்குப் போகிறவருக்கும் காலைதான். இவர்கள் யாருக்கும் மாலை ஆறு மணிக்கு மதுரையை நோக்கிப் போகும் ரயிலால் ஒரு உபயோகமும் இல்லை.

அப்படியென்றால் இந்த நேரத்தால் யாருக்குமே பயனில்லையா? அப்படிச் சொன்னால் அது நியாயம் இல்லை. மதுரையில் குடியிருந்து தேனி மாவட்டத்தில் வேலை பார்க்கிற ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், வங்கிக்காரர்கள் நிறைய. அவர்களுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. மாலை வண்டியில் போனால் மதுரையில் சாப்பிட்டுவிட்டு, இரவு சென்னைக்குக் கிளம்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸைப் பிடிக்கலாம். ஆனால் திரும்பி வரும்போது அதே பாண்டியன் விடிகிறதற்கு முன்னாலேயே மதுரையில் இறக்கிவிட்டுவிடும். எட்டேகால் மணி வரைக்கும் யார் நடைமேடையில் உட்கார்ந்திருப்பார்கள்? நேரே ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள். எனவே இந்த வண்டியை எடுத்துவிட்டு வேறு நேரம் கொடுங்கள் என்று கேட்பது தப்பு. இதை நம்பி இருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். இதோடு சேர்த்து இன்னொன்று வேண்டும்.

சரி, இப்போது ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

சென்னைக்குத் தினசரி ரயில்

எல்லாருக்கும் முதலில் மனதில் வருவது இதுதான். கேட்பதற்குக் காரணமும் இருக்கிறது. தீபாவளி, பொங்கல் சமயத்தில் தனியார் பஸ் கட்டணம் எங்கே போகிறது என்று தெரியும். வயதானவர்கள் இரவு முழுக்க உட்கார்ந்து வர முடியாது; ரயிலில் படுத்து வரலாம், கழிப்பறை இருக்கிறது. இன்னொரு முக்கியமான விஷயம், நம்மைத் தாண்டி இருக்கும் இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது. மூணாறுக்கும், சாந்தன்பாறை, ராஜகுமாரி பக்கத்து ஊர்களுக்கும் போடிமெட்டு வழியாக இறங்கினால் வரும் ரயில் நிலையம் போடிதான். ஏலக்காய் வியாபாரம் முழுக்க இந்த மலையையும் இந்த ஊரையும் சுற்றித்தான் நடக்கிறது. கார்த்திகை, மார்கழியில் குமுளி வழியாகச் சபரிமலை போகிற கூட்டமும் இருக்கிறது.

ஆனால் கணக்குப் பார்த்தால், ஒரு குடும்பம் வருடத்துக்கு எத்தனை தடவை சென்னை போகும்? மூன்று, நான்கு. அதற்கு வாரம் மூன்று நாள் வண்டி போதாது என்றாலும் சுத்தமாக இல்லை என்ற நிலை இல்லை. தினசரி ஆக்க வேண்டுமென்றால் இன்னொரு பெட்டித் தொடர் வேண்டும், சென்னை முனையத்தில் தினமும் இடம் வேண்டும். நெரிசலான அந்தப் பாதையில் தினசரி நேரம் ஒதுக்குவது மதுரைக் கோட்டம் மட்டும் முடிவு செய்யக்கூடிய விஷயம் இல்லை. ரயில்வே வாரியம் வரை போக வேண்டும். கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இது மெதுவாக நகரும் கோரிக்கை என்று தெரிந்துகொண்டு கேட்போம்.

தூரம்தான் இதைத் தீர்மானிக்கிறது. யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். 1990இல் போரால் நின்றுபோன ரயில், 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் திரும்பியது. அந்த மக்களுக்குக் கொழும்பு வண்டிதான் உயிர். ஏனென்றால் நடுவில் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் இருக்கிறது, தலைநகரத்தோடு அறுந்துபோன உறவைத் திரும்ப இணைப்பது யாழ்தேவி என்ற அந்த ரயில். தேனிக்கு அப்படி இல்லை. நம் அன்றாடம் 75, 90 கிலோமீட்டர் தொலைவில் மதுரையில் இருக்கிறது.

திண்டுக்கல்–குமுளி புதுப் பாதை

இதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் இருந்து பெரியகுளம், தேனி, கம்பம் வழியாக மலையடிவாரம் வரைக்கும் பாதை வேண்டும் என்பது பழைய கனவு. வந்தால் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைக்கும் காய்கறிக்கும், மலையேறுகிற பக்தர்களுக்கும் பெரிய வரம். நிலம் எடுக்க வேண்டும், பாலம் கட்ட வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும். ஏற்கெனவே இருந்த பாதையை, நிலம் கையில் இருக்கும்போதே, அகலமாக்கப் பன்னிரண்டு வருடம் ஆனது. உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவில் கணவாய்ப் பாறையை வெட்டவே எவ்வளவு இழுத்தது என்று பார்த்தவர்கள் நாம். மயிலாடுதுறை–தரங்கம்பாடி பாதையைப் பாருங்கள். 30 கிலோமீட்டர், 1986இல் நிறுத்தினார்கள். செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் மக்கள் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டார்கள். இல்லாத பாதையைக் கேட்பது ஒரு தலைமுறை வேலை. இருக்கும் பாதையில் வண்டி கேட்பது அடுத்த அட்டவணைக்குள் முடிகிற வேலை. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால், பெரியது சின்னதையும் சேர்த்துக் கிடப்பில் போட்டுவிடும்.

பஸ்ஸே போதுமே என்பவர்களுக்கு

இப்படிக் கேட்கிறவர்களை நான் எதிரியாக நினைக்கவில்லை. ஆரப்பாளையத்தில் இருந்து தேனி பஸ் சில நிமிடத்துக்கு ஒன்று. எந்த நேரமும் கிடைக்கும், ஊருக்கு ஊர் நிற்கும். எந்த ரயில் வந்தாலும் இதைத் தோற்கடிக்க முடியாது. தோற்கடிக்க வேண்டியதும் இல்லை.

ஆனால் பஸ்ஸால் முடியாதது மூன்று இருக்கிறது. கட்டணம் ஒன்று. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளைச் சிறப்பு ரயில் என்று பெயர் மாற்றி, குறைந்தபட்சக் கட்டணத்தை 10 ரூபாயில் இருந்து 30 ஆக்கினார்கள். 2024 பிப்ரவரியில் அது மறுபடி 10க்கு வந்தது. சாதாரணக் கட்டணத்தில் ஓடும் ரயிலோடு எந்த வெளியூர் பஸ்ஸும் போட்டி போட முடியாது. பெண்களுக்கான இலவசப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸுக்குத்தான், மதுரை–தேனி மாதிரி வெளியூர் பஸ்ஸுக்கு இல்லை. ஆக, தினமும் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு மாதச் சீசன் டிக்கெட் பெரிய மிச்சம். அடுத்தது உடம்பு. டயாலிசிஸ் முடிந்து, கீமோ முடிந்து வருகிறவரை இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்காரவைத்துக் கூட்டி வந்தவர்களுக்குத் தெரியும். நான் என் பெரியம்மாவை அப்படிக் கூட்டி வந்திருக்கிறேன். வளைவில் வண்டி திரும்பும்போதெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ரயிலில் கால் நீட்டலாம், எழுந்து நிற்கலாம். மூன்றாவது, இறங்கும் இடம். தேனியில் புதிய பஸ் நிலையம் ஊருக்கு வெளியே புறவழிச் சாலையில் இருக்கிறது. ரயில் நிலையமோ ஊர் நடுவில். மதுரையிலும் சந்திப்பில் இறங்கினால் பெரியார் பஸ் நிலையம் நடக்கிற தூரம்.

நேரத்திலும் ரயிலுக்குத்தான் லாபம். தேனி வரைக்கும் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஆவதை ரயில் ஒன்றேகால் மணியை ஒட்டி முடிக்கிறது. ஆனால் ஒரே ஒரு வண்டி, அதுவும் தவறான திசையில் என்றால் இந்த லாபம் எல்லாம் காகிதத்தில்தான்.

காலை வண்டி, மெமு: இரண்டும் ஒன்றுதானா?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் விரிவாகப் பேச அனுமதிக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்குப் போடியில் ஒரு ரயில் கிளம்ப வேண்டுமென்றால், இரவே அந்தப் பெட்டித் தொடர் போடியில் நிற்க வேண்டும். லோகோ பைலட்டும் கார்டும் தூங்க ஓய்வறை வேண்டும், பெட்டிகளுக்குக் காவல் வேண்டும். வழக்கமாக ரயில்வே தரப்பில் முதலில் சொல்வது, உபரிப் பெட்டித் தொடர் இல்லை என்பதுதான். இங்கே நாம் அட்டவணையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மாலை 5.50க்குப் போடியில் கிளம்பும் வண்டி எட்டு மணிவாக்கில் மதுரை போகிறது. மறுநாள் காலை 8.20க்குத்தான் அடுத்த பயணம். அதையே இரவு 8.20க்கு மதுரையில் இருந்து போடிக்குத் திருப்பி அனுப்பினால், பத்தரைக்குள் வந்துவிடும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிவாக்கில் மதுரை. 8.20க்கு அதே பெட்டிகள் வழக்கம்போலப் போடிக்கு. புதிதாக ஒரு பெட்டிகூட வாங்காமல் காலையில் மதுரைக்குப் போய், இரவில் வீடு திரும்ப ஒரு ஜோடி ரயில் கிடைத்துவிடுகிறது.

அப்புறம் பெட்டிகளை எப்போது சோதிப்பார்கள்? அதுதானே அடுத்த கேள்வி. பராமரிப்பு மதுரையில்தான் நடக்க வேண்டும், இரவு போடியில் நின்றால் முடியாது. ஆனால் காலை பத்தரையில் இருந்து மாலை 5.50 வரைக்கும், ஏழு மணி நேரத்துக்கு மேல், அந்த வண்டி போடி நிலையத்தில் சும்மா நிற்கிறது. அந்த நேரத்தில் அதை மதுரைக்கு ஓட்டிப் போய், பகலில் சோதித்துவிட்டு, மூன்றேகாலுக்குத் திருப்பி அனுப்பலாம். காலியாகவா ஓட்டுவார்கள்? பயணிகளையும் ஏற்றிக்கொண்டுதான். அப்படிச் செய்தால் ஒரே பெட்டித் தொடரில் மூன்று ஜோடி ரயில். பத்தே முக்காலுக்குப் போடியில் கிளம்பும் வண்டி மதியம் மதுரையில் வேலை இருப்பவர்களுக்கு. மூன்றேகாலுக்கு மதுரையில் கிளம்புவது காலையில் மருத்துவமனைக்குப் போனவர்கள் வீடு திரும்ப.

இதில் ஒரு நிபந்தனை. அந்தப் பெட்டித் தொடர் இரவில் வேறு ஏதாவது வண்டியாக ஓடுகிற மாதிரி இணைத்திருந்தால் இந்தக் கணக்கு மாறும். மனு கொடுக்கப் போகும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பதில் எழுத்தில் வந்தால் அடுத்த பேச்சு சுலபம்.

மெமு என்று கேட்பது எதற்கு என்றால், அதற்கு இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. இன்ஜினைக் கழற்றி, சுற்றிக் கொண்டுபோய் மறுமுனையில் மாட்டுகிற வேலை இல்லை. போடி மாதிரி பாதை முடிகிற ஊருக்கு அது பொருத்தம்; வந்த பத்து, பதினைந்து நிமிடத்தில் திரும்பிவிடலாம். நின்று கிளம்பும்போது வேகமும் சீக்கிரம் பிடிக்கும், அதனால் செக்கானூரணி மாதிரி நடுவில் உள்ள நிறுத்தங்களையும் கேட்கலாம். ஆனால் மெமு பெட்டிகள் எல்லாக் கோட்டங்களும் வரிசையில் நின்று கேட்கிற பொருள். மெமு வந்தால்தான் காலை வண்டி என்று நாம் இரண்டையும் முடிச்சுப் போட்டால், மெமு வருகிறவரை காலை வண்டியும் வராது. இருக்கிற பெட்டிகளில் காலை வண்டியைத் தொடங்குவோம். கூட்டம் சேர்ந்த பிறகு மெமுவுக்கு மாறலாம்.

ரயில்வே கேட்டை மறந்துவிடக் கூடாது

திருவாரூர்–காரைக்குடி பாதையில் நடந்ததை நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 149 கிலோமீட்டர் அகலப் பாதை தயார். 2019 ஜூனில் டெமு ரயில் (மெமு மாதிரியே, டீசலில் ஓடுவது) விட்டார்கள். ஆனால் கேட்டுகளுக்கு ஆள் போடவில்லை. ரயிலிலேயே ஆள் போய், ஒவ்வொரு கேட்டிலும் வண்டியை நிறுத்தி, இறங்கி மூடி, ரயில் தாண்டிய பிறகு திறந்து, ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பஸ்ஸில் பாதி நேரத்தில் போகலாம் என்றால் யார் ஏறுவார்கள்? கூட்டம் இல்லை என்ற பெயரும் அந்த வண்டிக்குத்தான் வந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி மக்கள் வருடக்கணக்கில் போராடித்தான் நிலைமையை மாற்றினார்கள்.

நமக்கு வேறு மாதிரிக் கேட் சிக்கல். தேனி நகருக்குள் மதுரை ரோட்டையும் பெரியகுளம் ரோட்டையும் ரயில் பாதை குறுக்கே வெட்டுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை மூடினாலே வண்டிகள் எவ்வளவு தூரம் நிற்கின்றன என்று பார்த்திருக்கிறோம். மூன்று ஜோடி ரயில் என்றால் ஆறு தடவை. அதில் ஒன்று பள்ளிக்கூட நேரத்தில் விழும். க.விலக்குக்கு ஆம்புலன்ஸ் போகிற சாலை அது. மேம்பாலம் முழுசாகப் பயன்பாட்டுக்கு வராத இடத்தில், ரயிலைக் கூட்டுங்கள் என்று கேட்கும் நாம் அதற்கும் பொறுப்பெடுக்க வேண்டும். என் யோசனை: போடியில் காலை ஆறுக்குக் கிளம்பும் வண்டி ஆறேகால் வாக்கில் தேனியைத் தாண்டிவிடும். இரவு வண்டி ஒன்பதரைக்கு மேல் வரும். இந்த இரண்டாலும் சாலைக்குப் பெரிய தொந்தரவு கிடையாது. பகல் வண்டிகளைப் பாலம் தயாரான பிறகு கேட்கலாம். அதுவரை பராமரிப்புக்கு வாரத்தில் சில நாள் மட்டும் பகலில் மதுரை கொண்டுபோக முடியுமா என்று பேசிப் பார்க்கலாம்.

ஆகவே என் வரிசை இப்படி: முதலில் காலை ஆறு மணிக்குப் போடியில் இருந்து மதுரை, இரவு எட்டேகாலுக்கு மதுரையில் இருந்து போடி. அதற்காகப் போடியில் ஓய்வறையும் இரவுக் காவலும். இதோடு, காலை வண்டி மதுரையில் வந்து சேரும் நேரத்தைத் திருநெல்வேலி, ராமேஸ்வரம் பக்கம் போகும் வண்டிகளோடு ஒட்டவைப்பது. பாலம் முடிந்ததும் பகல் ஜோடி. பிறகு மெமு. சென்னை தினசரிக் கோரிக்கையை நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகத் தனியாகக் கொண்டுபோவது. குமுளிப் பாதையை இன்னொரு மனுவாக, நிலம், மதிப்பீடு என்று அதற்குரிய விவரங்களோடு.

கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் ஆட்கள் இதில் எங்களுக்கு என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. காலை ஆறேகாலுக்குத் தேனி நிலையத்துக்கு வந்து சேர்கிற மாதிரி கம்பத்தில் இருந்து ஒரு பஸ், இரவு ஒன்பதரைக்குத் தேனி நிலைய வாசலில் இருந்து கம்பத்துக்கு ஒரு பஸ். இதற்கு ரயில்வேயிடம் போக வேண்டியதில்லை, போக்குவரத்துக் கழகக் கிளையில் பேசலாம். இந்த இரண்டு பஸ்ஸும் இல்லையென்றால் காலை ரயில் தேனி, போடி, ஆண்டிபட்டி ஆட்களுக்கு மட்டும்தான் என்று ஆகிவிடும்.

இன்னொன்று, இப்போது ஓடுகிற வண்டியில் போகிறவர்கள் தயவுசெய்து ஏறும் நிலையத்தின் பெயரிலேயே டிக்கெட் எடுங்கள், கவுண்டரிலோ ரயில்வே செயலியிலோ. பக்கத்து ஸ்டேஷன்தானே என்று டிக்கெட் இல்லாமல் ஏறுகிற ஒவ்வொரு ஆளும் ஆண்டிபட்டி, உசிலம்பட்டிக் கணக்கில் ஒரு ஆள் குறைவு. அடுத்த அட்டவணைக்கு உட்காரும்போது கோட்ட அலுவலகத்தில் முதலில் எடுத்துப் பார்க்கும் தாள் அந்த விற்பனைக் கணக்குதான்.